பெட்டிக்குள் ஒரு செடி... செடிக்குள் யார்?

முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். கோடாலித் தைலம், செண்ட் பாட்டில், டார்ச் லைட், ஜார்ஜெட் புடவை! இப்போது அதெல்லாம் ரங்கநாதன் தெருவிலேயே குவிந்து கிடக்கிறது. அதனால் ஃபேஷன் மாறிவிட்டது. பாங்காக் போனவர் அடீனியம் கொண்டுவருகிறார். சிங்கப்பூர் போனவர் ஆர்க்கிட். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் யாரும், "இது நம்ம ஊர்ல கிடைக்காது சார்" என்று ஒரு செடியைக் காட்டாமல் காபி கொடுப்பதில்லை.

"எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாக்ஸுக்குள் செருகி... "தங்கமா சார் கடத்தினேன்? ஒரே ஒரு செடி. யாரு கேக்கப் போறா?"

கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. பதில் கோயம்புத்தூரில் இருக்கிறது.

பஞ்சு வந்த கதை

2008 ஜூலை. கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. இலை சுருண்டது. காய் வெம்பியது. பஞ்சைத் தொட்டால் பிசுபிசுப்பு. உற்றுப் பார்த்தால் பஞ்சு நகர்ந்தது!

பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. கோவைக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே சமுத்திரங்கள் இருக்கின்றன. இந்தப் பூச்சியின் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. நீந்தி வந்திருக்காது, பறந்து வந்திருக்காது. யாரோ, எங்கிருந்தோ, எதனுடனோ சேர்த்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்து இனி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளியோடு நிறுத்திக்கொள்ள அது விரதம் எதுவும் எடுத்திருக்கவில்லை. 60 வகைக்கும் மேற்பட்ட செடிகளில் உட்காரும். மல்பெரியில் ஏறியது, பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இலை இல்லை. மரவள்ளியில் ஏறியது, சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு விவசாயிகள் கையைப் பிசைந்தார்கள். மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சில் மருந்து பாதிக்குப் பாதி வழிந்து ஓடியது. மல்பெரிக்கு அதையும் தாராளமாக அடிக்க முடியாது. இலையைத் தின்கிற பட்டுப்புழு செத்துப்போகும்!

மெக்சிகோவில் இந்தப் பூச்சி இப்படி ஆட்டம் போடுவதில்லை. காரணம், அங்கே அதற்கு எதிரிகள் உண்டு. நம் ஊருக்கு வந்தபோது எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. வாத்தியார் லீவு போட்ட கிளாஸ் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

ஆகவே வாத்தியாரைத் தேடிப் போனார்கள். கரீபியன் கடலில் புவெர்ட்டோ ரிக்கோ என்ற தீவு. அங்கே அமெரிக்க விவசாயத் துறை, இந்த மாவுப்பூச்சிக்கென்றே மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வளர்த்துக்கொண்டிருந்தது. கடுகை விடச் சின்ன உருவம். இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்தே பூச்சியைத் தின்று தீர்த்துவிட்டு, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ராத்திரி நேரத்தில் நினைத்துப் பார்க்காதீர்கள்.

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. ஊரே தவித்துக்கொண்டிருக்கிறது, மருந்து தயாராக இருக்கிறது. சாக்ஸுக்குள் போட்டுக்கொண்டு வந்தார்களா? இல்லை சார். குளவிக்கும் பெர்மிட் வாங்கினார்கள். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் குவாரன்டைனில் வைத்தார்கள். மாவுப்பூச்சியைத் தவிர நமக்கு நன்மை செய்யும் வேறு பூச்சியைத் தொடுமா என்று சோதித்தார்கள். அப்புறம்தான், 2010 அக்டோபரில், தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் பஞ்சு மறைய ஆரம்பித்தது.

வியாதி ஒரு காகிதம் இல்லாமல் வந்தது. வைத்தியர் எல்லாக் காகிதத்தோடும் வந்தார். நடுவில் போனது இரண்டு வருடம். அந்த இரண்டு வருட நஷ்டத்தைக் கட்டியவர் ஏர்போர்ட்டையே பார்த்திராத ஒரு பப்பாளிக்காரர்.

இத்தோடு முடிந்ததா? 2020-இல் கேரளாவில், திருச்சூர் பக்கம், இன்னொரு பூச்சி. இது மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவில் பிறந்து, 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கிழங்கை நம்பிப் பிழைத்தவர்களை அலற வைத்தது. அது சேலம் பக்கமும் வந்து சேர்ந்தது. சேலத்தில் குச்சிக்கிழங்கு என்றால் வெறும் கிழங்கா? ஜவ்வரிசி ஃபேக்டரி, லாரி வாடகை, பெண் கல்யாணம், பையன் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அதில்தான். மறுபடியும் அதே ஓட்டம். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி, அதே பெர்மிட், அதே குவாரன்டைன். 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வயலில் விட்டார்கள். மறுபடியும் இரண்டு வருடம்!

அத்தானுக்கு ஒரு போன்

என் மச்சினன் ஒருவன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் போன்.

"அத்தான்! ரம்புத்தான் கன்னு ரெண்டு எடுத்துட்டு வரேன். உங்க மாடியில பெரிய டிரம்ல வெச்சிடலாம்."

"பில் இருக்கா?"

"இருக்கு அத்தான். கடைக்காரர் தெரிஞ்சவர்."

"பெர்மிட் இருக்கா?"

"கன்னுக்கா? என்ன அத்தான், நான் என்ன யானையா கொண்டு வரேன்?"

பி.காம். படித்தவனுக்கு ரம்புத்தான் வளர்க்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வவுச்சர் இல்லாத என்ட்ரியைக் கண்டால் கை நடுங்கும். அவனை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு விதிகளைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். என்றைக்காவது பயன்படும்.

நம் நாட்டில் இதற்கான தாய்ச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. 1914-இல் போட்ட நாசகாரப் பூச்சிகள் சட்டம். அதன் கீழ் இப்போது நடப்பில் இருப்பது 2003-ஆம் வருடத்துத் தாவரக் குவாரன்டைன் ஆணை. அவ்வப்போது திருத்தங்கள் வரும். சுருக்கமாக ஐந்து கதவுகள்.

முதல் கதவு, பட்டியல். ஆணையில் அட்டவணைகள் இருக்கின்றன. எந்தச் செடி, எந்த நாட்டிலிருந்து, எதற்காக என்று மூன்றையும் பார்க்க வேண்டும். சில செடிகள் சில நாடுகளிலிருந்து வரவே கூடாது. சிலவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு. சிலவற்றை நிபந்தனையோடு விடுவார்கள். எந்த அட்டவணையிலும் பெயர் இல்லையா? 'அப்பாடா, தடை இல்லை' என்று துள்ளாதீர்கள். பெயர் இல்லாவிட்டால் அந்தச் செடியோடு என்னென்ன பூச்சி, நோய் வரக்கூடும் என்று முதலில் ஆராய்ச்சி செய்வார்கள். அது முடிகிற வரை அனுமதி கிடையாது. முடிவதற்குள் உங்கள் மாடியில் வேறு பில்டிங்கே எழும்பிவிடலாம்.

இரண்டாவது கதவு, இறக்குமதி பெர்மிட். இதைச் செடி கிளம்புவதற்கு முன்பே வாங்க வேண்டும். ஏர்போர்ட்டில் வந்து நின்றுகொண்டு 'இப்ப அப்ளை பண்றேன் சார்' என்பது நடக்காது. தின்பதற்கு வரும் சரக்குக்கு ஒரு விண்ணப்பம், நடுவதற்கு வரும் செடி, விதைக்கு வேறு விண்ணப்பம். நடுகிற சரக்கின் மேல்தான் சந்தேகம் அதிகம். ஆப்பிளைத் தின்றால் கதை முடிந்தது. கன்றை நட்டால் அதோடு வந்தவரும் குடியேறிவிடுவார்!

மூன்றாவது கதவு, அந்த நாட்டுச் சான்றிதழ். பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் என்று பெயர். செடிக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிற நாட்டின் அரசாங்கத் தாவரப் பாதுகாப்பு அதிகாரி சரக்கைச் சோதித்து, நம் பெர்மிட்டில் கேட்டபடி 'இன்ன இன்ன பூச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நர்சரிக்காரர் தன் லெட்டர்பேடில் 'நல்ல செடி' என்று எழுதிக் கொடுத்தால் செல்லாது. கடைக்காரர் தெரிஞ்சவராக இருந்தாலும் செல்லாது.

நான்காவது கதவு, வாசல். செடி எந்த ஏர்போர்ட்டிலும் எந்தத் துறைமுகத்திலும் இறங்க முடியாது. அறிவிக்கப்பட்ட இடங்கள் மட்டுமே. நடவுக்கான சரக்கு என்றால் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, அமிர்தசரஸ் மாதிரி மண்டலக் குவாரன்டைன் நிலையங்கள் இருக்கும் ஊர்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது மீனம்பாக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போயிருப்பீர்கள். அங்கே மாதிரி எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் லேப்புக்கு அனுப்புவார்கள். பூச்சி இருந்தால் புகையூட்டுவார்கள், அல்லது திருப்பி அனுப்பச் சொல்வார்கள், அல்லது அழிப்பார்கள். செலவு? கொண்டுவந்தவர் தலையில்தான்.

ஐந்தாவது கதவு, வீட்டுக் காவல். வெளியே விட்டுவிட்டார்களே என்று நேராகத் தோட்டத்தில் நட்டுவிட முடியாது. நட்டு வளர்க்கிற பல செடிகளைத் தனியாக, அங்கீகாரம் பெற்ற இடத்தில், குறிப்பிட்ட காலம் வளர்த்துக் காட்ட வேண்டும். அதிகாரம் பெற்ற விஞ்ஞானி வந்து பார்ப்பார். சில வைரஸ்கள் பயணத்தில் வாயைத் திறக்காது. புது இலை விடும்போதுதான் முகம் காட்டும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. செடியோடு மண் வரக் கூடாது. ஒரு பிடி மண்கூட! வைக்கோல், சருகு வைத்துப் பேக்கிங் செய்வதும் கூடாது.

மச்சினனுக்குப் போன் போட்டு ஐந்து கதவையும் ஒப்பித்தேன். மறுமுனையில் நீண்ட அமைதி.

"அத்தான்... ரம்புத்தான் பழமே ஒண்ணும் அவ்வளவு பிரமாதமா இருக்காது."

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் பல காலமாகக் காய்க்கின்றன என்று சொன்னேன். கன்று வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பாஸ்போர்ட் வேண்டாம்.

மண்ணில் அப்படி என்ன?

ஒரு பிடி மண்ணுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். ஊட்டியைக் கேளுங்கள். 1961-இல் அங்கே உருளைக்கிழங்கு வயலில் தங்க நூற்புழு என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கோடு கூடப் பிறந்த எதிரி. வேரைப் பிடித்துக்கொள்ளும். பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கு உறையாக மாறி, கடுகில் பாதிகூட இல்லாத உருண்டையாக மண்ணில் கிடக்கும். 20 வருடம்கூட உயிரோடு காத்திருக்கும். ஃபிக்சட் டெபாசிட் மாதிரி, மெச்சூரிட்டி வந்ததும் எழுந்து வரும்!

விளைவு? நீலகிரியிலிருந்து விதைக் கிழங்கு வெளி மாநிலத்துக்குப் போகாமல் தடை போட்டார்கள். தப்பு செய்தவர் யாரோ. கேட் பூட்டப்பட்டது ஊட்டி விவசாயிக்கு.

அழகுக்காக வந்தவையும் உண்டு. உண்ணிச்செடியைத் தெரியுமல்லவா? ரோஜாவும் மஞ்சளுமாகக் குட்டிக் குட்டிப் பூ பூக்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800-களின் தொடக்கத்தில் அலங்காரத்துக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இன்றைக்கு முதுமலை, பந்திப்பூர் பக்கம் போனால் காட்டுக்குள் அடுக்கடுக்காக அதுதான். புல் முளைக்க இடமில்லை. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் அழகான பூ என்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்ததுதான். எடுத்துப் போட்டு மாளவில்லை.

கறிவேப்பிலையும் குற்றவாளியா?

'நாம் மட்டும்தான் இப்படியா?' என்று கேட்காதீர்கள். அமெரிக்காவுக்குப் பையனைப் பார்க்கப் போகும் அம்மா, பாசத்தோடு ஒரு கட்டு கறிவேப்பிலையைப் பையில் வைக்கிறார். அங்கே அதிகாரி அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். 'ஒரு ரசத்துக்குப் போடற இலை, இதுல என்ன பாம்பா இருக்கு?'

பாம்பு இல்லை. ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களின் சாற்றை உறிஞ்சும் ஒரு குட்டிப் பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்தமான வீடு. அந்தப் பூச்சி ஒரு பாக்டீரியாவை மரத்துக்கு மரம் தூக்கிப் போகும். நோய் வந்த மரத்தில் பழம் பச்சையாகவே கோணிப்போய்க் கசக்கும். ஃபுளோரிடாவில் 1998-இல் பூச்சியைப் பார்த்தார்கள். 2005-இல் நோயைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே ஆரஞ்சு ஜூஸ் கொடுத்த மாநிலம் அது. புயல்களும் சேர்ந்துகொண்டன. இப்போது அங்கே ஆரஞ்சு விளைச்சல் 2004-இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கறிவேப்பிலையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சூடு கண்ட பூனை அது. அம்மாவின் பையைத் திறக்கத்தான் செய்யும்.

2014-இல் ஐரோப்பிய யூனியன் நம் மாம்பழத்தையே நிறுத்திவிட்டது. சரக்கில் பழ ஈ இருந்ததாம். கூடவே பாகற்காய், புடலங்காய், கத்திரிக்காய்க்கும் தடை. நாம் சோதனையைப் பலப்படுத்திய பிறகுதான் 2015-இல் மாம்பழத்துக்கு வழி விட்டார்கள். அங்கே நம்மைச் சோதித்தால் கோபம் வருகிறது. இங்கே நம்மைச் சோதித்தாலும் கோபம் வருகிறது. இரண்டும் ஒரே கணக்கின் டெபிட்டும் கிரெடிட்டும்தான்.

இந்த ஏற்பாட்டின் ஆதி கதையும் அப்படித்தான். 1860-களில் அமெரிக்கத் திராட்சைக் கொடிகளோடு பிரான்சுக்கு ஒரு பேன் போன்ற பூச்சி போனது. பெயர் பிலாக்சிரா. வேரைத் தின்று, திராட்சைத் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. அதற்காக 1878-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. பிறகு 1951-இல் உலகம் முழுமைக்கும் பொதுவாக ஒன்று. பிரான்சைக் காப்பாற்றியது எது தெரியுமா? அதே அமெரிக்காவின் திராட்சை வேர். அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள்.

கோடவுனில் ஒரு முத்திரை

உங்களில் பலர் ஆபீஸில் இறக்குமதி சரக்கு பார்ப்பவர்களாக இருக்கலாம். அடுத்த தடவை கோடவுன் போனால் மெஷின் வந்த மரப்பெட்டியைக் கவனியுங்கள். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை, பக்கத்தில் ஐ.பி.பி.சி. என்று எழுத்து. ஹெச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தார்கள் என்று அர்த்தம். பச்சை மரப் பெட்டிக்குள் வண்டுப் புழு ஒளிந்து வரும். 1996-இல் நியூயார்க்கில் தெருவோர மரங்களைத் துளைத்த ஆசிய வண்டு, சரக்கு வந்த மரப்பெட்டியில்தான் போயிருக்கும் என்கிறார்கள். சரக்கு இரும்பாக இருந்தாலும் பெட்டி மரம்தானே? முத்திரை இல்லாத பெட்டி வந்தால் தகராறு பெட்டியோடு நிற்காது, உங்கள் மெஷினும் மாட்டிக்கொள்ளும்.

தபாலும் தப்பாது. 2020-இல் பல நாடுகளில் கேட்காமலே மர்ம விதைப் பாக்கெட்டுகள் வீட்டுக்கு வந்தன. நம் மத்திய அரசும் அந்த ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது. இன்டர்நெட்டில் 'நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை' என்று படம் போட்டு விற்கிறார்களே, அதைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காசு போவது உங்கள் பாடு. ஆனால் கேட்காமல் வந்த விதையை மட்டும் மண்ணில் போடாதீர்கள். குப்பையிலும் வீசாதீர்கள். பாக்கெட்டைப் பிரிக்காமல் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடலாம்.

விதிகளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கன்டெய்னர் கணக்கில் இறக்குகிறவருக்கும் கைப்பையில் ஒரு கன்று கொண்டுவருகிறவருக்கும் ஏறக்குறைய ஒரே மலைதான். விண்ணப்பம் இப்போது கம்ப்யூட்டரிலேயே போடலாம் என்றாலும், படிவத்தின் பாஷை வக்கீலுக்குத்தான் புரியும். சாதாரண மனிதருக்கு ஒரு பக்கத்தில், நல்ல தமிழில், 'இதைக் கொண்டுவராதீர்கள், காரணம் இது' என்று ஏர்போர்ட்டில் பெரிதாக எழுதி வைத்தால் பாதிப் பேர் தாமாகவே திருந்துவார்கள். காரணம் சொல்லாத தடையை யாருக்கும் மீறத்தான் தோன்றும்.

அதுவரை ஒன்று செய்யலாம். பெட்டியில் செடியோ விதையோ இருந்தால், சுங்க அதிகாரி கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அதிகம் போனால் அந்தச் செடி போகும். நானூறு, ஐந்நூறு ரூபாய். உங்கள் கணக்கில் எழுதி, அன்றைக்கே மூடிவிடலாம். சொல்லாமல் தாண்டிவிட்டால் அந்தத் தொகை வேறொருவர் கணக்கில் ஏறும். அவர் நாமக்கல்லில் இரண்டு ஏக்கர் கிழங்கு போட்டிருப்பார். அவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. கணக்கை மூட அவருக்கு இரண்டு வருடம் ஆகும்.